வீட்டில் கட்டிய டிஸ்க் கோல்ஃப் கூடையில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்கும் ஆட்டம். காயலான் கடை சைக்கிள் ரிம், இரும்புச் சங்கிலி, ஒரு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். இவற்றை வைத்துக் கட்டிய கூடையில் வரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். ஒவ்வொன்றுக்கும் காசு செலவில்லாத காரணம் முதலிலும், பட்டறைக்குப் போயே தீர வேண்டிய காரணம் கடைசியிலும் வருகிறது. அந்த வரிசையிலேயே பாருங்கள். தட்டு நிற்கவில்லை என்றதும் இன்னும் ஐந்து மீட்டர் சங்கிலி வாங்கச் சென்னையின் பாரிமுனைக் கடைத்தெருவுக்குக் கிளம்புவதுதான் வழக்கம். பல சமயம் ஏற்கெனவே தொங்கும் சங்கிலியில் இரண்டு கண்ணி கூட்டினாலே போதும்.

## முதலில் அளவுகளை ஒத்துப் பாருங்கள்

கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த அமைப்புக்கானவை. உங்கள் கூடை வேறு மாதிரி இருந்தால் வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கம்பம் 1½ இன்ச் மீடியம் கிளாஸ் ஜி.ஐ. பைப், வெளிவிட்டம் 48.3 மி.மீ. கூடையின் விளிம்பு பழைய 28 இன்ச் சைக்கிள் ரிம், ஹப் (சக்கரத்தின் நடு உருளை) இல்லாமல். 10 மி.மீ. கம்பி நான்கை ‘ட’ வடிவில் வளைத்து, ஒரு முனையை ரிம்மிலும் மறுமுனையை 5 செ.மீ. நீளமுள்ள 2 இன்ச் பைப் துண்டிலும் வெல்டு செய்தால் அதுவே கூடையின் எலும்புக்கூடு. அந்தத் துண்டு கம்பத்தின் மேல் வளையம் போல ஏறி, இரண்டு போல்ட்டில் நிற்கும். மேல் வளையம் 26 இன்ச் சக்கரம், போக்ஸ் கம்பியும் ஹப்பும் கழற்றாமல் அப்படியே.

கூடையின் விளிம்பு தரையிலிருந்து 82 செ.மீ. உயரம். டிஸ்க் கோல்ஃப் விதிகளை வகுக்கும் சங்கமான பி.டி.ஜி.ஏ. தரமும் இதுதான், 6 செ.மீ. கூடலாம், குறையலாம். கூடையின் ஆழம் 20 செ.மீ., ஆக அடித்தளம் 62 செ.மீ. உயரத்தில். மேல் வளையம் 134 செ.மீ. உயரத்தில். வெளிச்சுற்றுச் சங்கிலி 75 செ.மீ. துண்டுகள் 12, உள்சுற்று 70 செ.மீ. துண்டுகள் 6. மொத்தம் 13.2 மீட்டர் ஆகும், 14 மீட்டர் வாங்கினால் கையிருப்பு இருக்கும். எல்லாச் சங்கிலியின் அடிமுனையும் சேரும் வளையம் 6 மி.மீ. கம்பியில் வளைத்தது, விட்டம் 8 செ.மீ. அது கம்பத்தைச் சுற்றித் தொளதொளவென்று தொங்க வேண்டும்.

இன்னொன்று, சோதிக்கும் தட்டு எது? பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் (தட்டை வீசிப் பிடித்து ஆடும் குழு ஆட்டம்) ஆடுகிறவர்கள் கையில் இருப்பது 175 கிராம், 27 செ.மீ. விட்டத் தட்டு. டிஸ்க் கோல்ஃப் பட்டர் (கூடைக்குக் கிட்டத்திலிருந்து எறியும் தட்டு) விட்டம் சுமார் 21 செ.மீ.தான், எடையோ கிட்டத்தட்ட அதேதான். பெரிய தட்டு சங்கிலியில் மோதி நின்றுவிடும், அதே கூடையில் சின்னது புகுந்து போகும். எந்தச் சோதனையையும் பட்டரால், 5 அல்லது 6 மீட்டர் தொலைவிலிருந்து, 20 எறி எறிந்து பாருங்கள். இரண்டு எறியை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

## அறிகுறி: தட்டு சங்கிலியை ஊடுருவிப் பின்பக்கம் போய்விடுகிறது

சங்கிலி ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா? காற்றிலோ கடைசி எறியிலோ இரண்டு சங்கிலி பின்னிக்கொண்டிருந்தால் பக்கத்தில் வாசல் திறந்த மாதிரி இடைவெளி விழும். கையால் பிரித்துவிட்டு மறுபடி எறியுங்கள். திரும்பத் திரும்பப் பின்னிக்கொண்டால், அடி வளையத்தில் சங்கிலிகள் மேலே உள்ள வரிசைப்படி கோக்கப்படவில்லை என்று பொருள். மேலே 1, 2, 3 என்று சாக்பீஸால் எண் போட்டு, கீழேயும் அதே வரிசையில் மாற்றிக் கோக்கவும்.

இடைவெளி எவ்வளவு? 26 இன்ச் ரிம்மில் போக்ஸ் துளைகள் இருக்கும் வட்டத்தின் சுற்றளவு சுமார் 170 செ.மீ. அதில் 12 சங்கிலி தொங்கினால் மேலே இடைவெளி 14 செ.மீ. எட்டுதான் என்றால் 21 செ.மீ., அதாவது தட்டின் முழு அகலம். தட்டைப் படுக்கையாகப் பிடித்து, மேல் வளையத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டு, இரண்டு சங்கிலிக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். உரசாமல் போனால் எண்ணிக்கை போதாது.

இங்கே ரிம்மின் துளைக் கணக்கு முக்கியம். மலைச் சைக்கிள் ரிம்மில் பெரும்பாலும் 36 துளை, மூன்றுக்கு ஒன்று விட்டால் 12 சங்கிலி, இரண்டுக்கு ஒன்று என்றால் 18. பழைய கறுப்புச் சைக்கிளின் முன் சக்கரத்தில் 32 துளை, பின் சக்கரத்தில் 40. 32-இல் சமமாகப் பிரிப்பது 8 அல்லது 16தான், 40-இல் 10 அல்லது 20. 32 துளை ரிம்மில் 12 சங்கிலியைத் திணித்தால் சில இடைவெளி அகலமாகவும் சில குறுகலாகவும் அமைந்து, தட்டு எப்போதும் ஒரே பக்கத்தில் ஊடுருவும். “கூடைக்கு ஒரு பக்கம் ராசியில்லை” என்று சொல்லப்படுவது அநேகமாக இதுதான்.

உள்சுற்று இருக்கிறதா? வெளிச்சுற்று தட்டின் வேகத்தைக் குறைக்கும், பிடித்து நிறுத்துவது உள்சுற்று. கம்பத்திலிருந்து சுமார் 13 செ.மீ. தள்ளி 6 சங்கிலி, வெளிச்சங்கிலிகளின் இடைவெளிக்கு நேராக இருக்கட்டும். நேரே போக்ஸ் கம்பியில் மாட்ட வேண்டாம். அது 2 மி.மீ. கம்பி, நாலு நாளில் வளைந்து தொங்கும். 26 செ.மீ. விட்டத்தில் 6 மி.மீ. கம்பி வளையம் ஒன்றைப் போக்ஸ் கம்பிகளுக்குக் கீழே கட்டுக்கம்பியால் எட்டு இடத்தில் கட்டி, அதில் மாட்டுங்கள்.

சங்கிலி ரொம்ப லேசா? கடைசியாகத்தான் இதைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு மீட்டர் சங்கிலியைச் சமையலறைத் தராசில் வையுங்கள். 3 மி.மீ. கம்பிச் சங்கிலி 150 கிராமுக்குமேல் காட்ட வேண்டும். 100 கிராமுக்குக் கீழே என்றால் அது நாய்ச்சங்கிலி ரகம், தட்டு தள்ளிக்கொண்டு போய்விடும். பிளாஸ்டிக் சங்கிலி இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. ஊஞ்சல் கட்டும் 6 மி.மீ. சங்கிலியும் வேண்டாம், அது நகராமல் நின்று தட்டைத் தெறிக்கவிடும். 3 அல்லது 4 மி.மீ. போதும். கடையில் சங்கிலியை எடைபோட்டுத்தான் விற்பார்கள், நீளத்தைச் சொல்லிக் கேட்காவிட்டால் கணக்கு இடிக்கும்.

## அறிகுறி: கம்பத்தில் பட்டு முன்பக்கமே திரும்பி வந்துவிடுகிறது

சங்கிலி கூட்டிய பிறகு இந்தத் தொல்லை ஆரம்பித்தால் ஆச்சரியமில்லை. சங்கிலி விறைப்பாக இருந்தால் அது கம்பி ஜன்னல்தான், பட்டதும் தெறிக்கும்.

அடி வளையத்தைத் தூக்கிப் பாருங்கள். ஒரு விரலால் 10 செ.மீ. உயர வேண்டும், விட்டால் தானாக இறங்க வேண்டும். உயரவில்லை என்றால் யாரோ அதைக் கம்பத்தோடு கட்டுக்கம்பியால் இறுக்கியிருக்கிறார்கள், அல்லது வளையம் கம்பத்தில் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவிழ்த்துவிடுங்கள். சங்கிலி ஆடக் கூடாது என்று கட்டியிருப்பார்கள். அது ஆடினால்தான் தட்டு நிற்கும்.

தளர்வு இருக்கிறதா? சங்கிலியின் நடுவில் விரலை வைத்துக் கம்பத்தை நோக்கித் தள்ளுங்கள். 5 அல்லது 6 செ.மீ. சிரமமின்றிப் போக வேண்டும். தொங்கும் வடிவமும் காட்டிக்கொடுக்கும். சரியான சங்கிலி மேலே செங்குத்தாக இறங்கி, கீழே வளைந்து, வளையத்தை நெருங்கும்போது கிட்டத்தட்டப் படுக்கையாக வரும். மேலிருந்து கீழ் வரை நேர்கோடாக இருந்தால் தளர்வு போதாது.

மேல் வளையத்திலிருந்து அடி வளையத்துக்கு நூல் பிடித்து அளந்தால் 70 செ.மீ. சுற்று வரும். சங்கிலி அதைவிட ஓர் அங்குலம்தான் நீளம் என்றால் விறைப்பு. எஸ் கொக்கி ஒன்றைச் சேர்த்தோ, 3 மி.மீ. சங்கிலியில் இரண்டு கண்ணி கூட்டியோ சுமார் 3 செ.மீ. நீட்டுங்கள். எல்லாச் சங்கிலியிலும் ஒரே அளவு நீட்ட வேண்டும். 75 செ.மீ. வெட்டிய சங்கிலியில் லேசான வளையம் போட்டால் அது தரையிலிருந்து 67 செ.மீ. உயரத்தில், கூடையின் அடித்தளத்துக்கு 5 செ.மீ. மேலே வந்து நிற்கும். வளையம் அடித்தளத்தில் படுத்துவிட்டால் நீளம் அதிகம், ஒரு கண்ணி குறையுங்கள்.

வளையம் கனமா? பழைய பேரிங் கப்பையோ தடித்த வாஷரையோ அடி வளையமாகப் போட்டிருந்தால் அதன் எடையே சங்கிலியை இழுத்து விறைப்பாக்கும். 6 மி.மீ. கம்பி வளையத்துக்கு மாற்றுங்கள்.

கம்பம் தடியா? 2 இன்ச் அல்லது அதற்கு மேற்பட்ட பைப் என்றால் தட்டு நேரே அதில்தான் மோதும். பைப்பை மாற்றுவதற்கு முன், தட்டு படும் 80 முதல் 130 செ.மீ. உயரம் வரை பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிச் சுற்றிக் கட்டுங்கள். சத்தமும் குறையும், தெறிப்பும் குறையும். வெயிலில் ரப்பர் வெடித்துப்போனால் மறுபடி சுற்ற வேண்டியதுதான், பஞ்சர் கடையில் கிழிந்த டியூப் சும்மாவே கிடைக்கும்.

## அறிகுறி: கூடைக்குள் விழுந்த தட்டு துள்ளி வெளியே வருகிறது

ஆழத்தை அளங்கள். அகலமான துணிக்கூடையோ பிளாஸ்டிக் டப்போ வைத்துக் கட்டியிருந்தால் 12, 13 செ.மீ.தான் இருக்கும். விளிம்பின் மேல் வெல்டு மெஷ் பட்டை ஒன்றைச் சுற்றி 20 செ.மீ. ஆக்கினால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். 28 இன்ச் ரிம்முக்குப் பக்கவாட்டு வலை 2.1 மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம் வேண்டும். விளிம்பு உயர்ந்தால் மொத்தக் கூடையையும் அதே அளவு கம்பத்தில் இறக்கி, மறுபடி 82 செ.மீ. வையுங்கள்.

ஆழம் சரியாக இருந்தும் துள்ளினால் அடித்தள வலை மத்தளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. நடுவில் உள்ளங்கையால் அடித்துப் பாருங்கள், கை எம்பினால் தட்டும் எம்பும். கட்டுக்கம்பியை ஒரு பக்கம் தளர்த்தினாலே மாறும். போதவில்லை என்றால் மாடித் தோட்டத்துக்கு வாங்கும் பச்சை ஷேட் நெட்டில் 80 செ.மீ. துண்டு ஒன்றைத் தொய்வாக உள்ளே விரித்து ஓரத்தைக் கட்டுங்கள். தென்னைநார் மிதியடி போடுவார்கள். தெறிப்பு நிற்கும், ஆனால் மழை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடி வலையை ஒரே பருவத்தில் தின்றுவிடும்.

டப்பில் கட்டியவர்கள் அடியில் 10 மி.மீ. துளை குறைந்தது 12 போட வேண்டும், நடுவில் மட்டுமல்ல, ஓரத்திலும். தண்ணீர் ஒரு வாரம் நின்றால் ஏடிஸ் கொசு அதிலேயே வளர்ந்து பறந்துவிடும். கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சிப் பணியாளர்கள் மொட்டைமாடிக்கும் ஏறுவார்கள்.

## அறிகுறி: தட்டு பக்கவாட்டு வலையில் செருகிக்கொள்கிறது, அல்லது விளிம்பில் கீறல் விழுகிறது

வெளியிலிருந்து வந்து வலையில் செருகிய தட்டு ஆட்டத்தில் கணக்கில் வராது, ஆகவே சண்டைக்கு இது ஒரு முக்கியமான காரணம். கண் அகலம் 2 இன்ச் உள்ள மெஷ்ஷில்தான் செருகும். 1 இன்ச் கண், 14 கேஜ் ஜி.ஐ. வெல்டு மெஷ்ஷுக்கு மாற்றுங்கள். கோழிவலை கண் சிறியதுதான், ஆனால் நூறு எறியில் தொப்பை விழுந்துவிடும்.

கீறலுக்குக் காரணம் வெட்டிய மெஷ்ஷின் முனைகள். ஒவ்வொரு முனையையும் இடுக்கியால் வெளிப்பக்கமாக மடக்கி, தோட்டத்து ஓஸ் பைப்பை நீளவாக்கில் பிளந்து விளிம்பு முழுக்கப் போர்த்துங்கள். 2.1 மீட்டர் போதும். தட்டுக்காக இல்லாவிட்டாலும் கைக்காகச் செய்ய வேண்டும். துருப்பிடித்த முனை ஆழமாகக் குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, டி.டி. ஊசி எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

## அறிகுறி: மேல் வளையம் ஒரு பக்கம் சாய்ந்து தொங்குகிறது

ரசமட்டத்தை ரிம்மின் மேல் இரண்டு திசையில் வைத்துப் பாருங்கள். முதலில் கம்பத்துக்கு. கம்பமே சாய்ந்திருந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

கம்பம் நேர், வளையம்தான் சாய்வு என்றால் பெரும்பாலும் ஹப் உட்கார்ந்திருக்கும் விதம்தான் தப்பு. சரியான முறை இது: பைப்பின் மேல் நுனியில் மரை வெட்டி, 1½ இன்ச் ஜி.ஐ. எண்ட் கேப்பின் நடுவில் அச்சுக்கு ஏற்ற துளை போட்டு, அச்சை நுழைத்து, கேப்பின் உள்ளே ஒரு நட்டு, வெளியே ஒரு நட்டு, இரண்டுக்கும் வாஷர். உள் நட்டைப் போட மறந்து, வெளி நட்டை மட்டும் முறுக்கியிருப்பார்கள். கேப்பைக் கழற்றினால் தெரிந்துவிடும்.

நட்டு இறுக்கம் சரி, இருந்தும் விளிம்பு மேலும் கீழுமாக அலைகிறது என்றால் போக்ஸ் கம்பி தளர்ந்திருக்கிறது. தொங்கும் பக்கத்தில் விரலால் சுண்டிப் பாருங்கள், கணீர் என்று வராமல் மந்தமாக வரும். இதற்கு வெல்டிங் பட்டறை வேண்டாம், சைக்கிள் கடைக்காரரிடம் சக்கரத்தைக் கொடுத்தால் கோட்டம் எடுத்துத் தருவார். கிரைண்டரால் போக்ஸ் கம்பியை வெட்டிவிட்டுக் குறுக்குக் கம்பி வெல்டு செய்வது கடைசி வழி, அதைச் செய்ய இறங்கினால் சக்கரத்தின் வளைவும் சேர்ந்து கெடும்.

## அறிகுறி: கூடை மொத்தமும் ஆடுகிறது, சாய்கிறது, விழுகிறது

எங்கே ஆடுகிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் செய்யாதீர்கள். ஒருவர் மேல் வளையத்தை மெதுவாக ஆட்டட்டும். இன்னொருவர் கையை முதலில் கம்பமும் அடிமானமும் சேரும் இடத்தில், பிறகு அடிமானமும் தரையும் சேரும் இடத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டில் எது நகர்கிறதோ, கீழே அதற்குரிய பகுதியைப் பாருங்கள்.

### தூக்கி வைக்கும் கூடை, அடிமானத்தோடு சேர்ந்து விழுகிறது

20 லிட்டர் பெயின்ட் வாளி நிறைய காங்கிரீட் போட்டால் 48 கிலோ. கனமாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வாளியின் அடி விட்டம் 28 செ.மீ.தான். கூடையோடு சேர்த்து 60 கிலோ என்று வைத்தாலும், மேல் வளையத்தில் ஆறேகால் கிலோ விசை வந்தால் கவிழ்ந்துவிடும். சாயங்காலக் கடற்காற்றில் ஒரு குழந்தை பிடித்துத் தொங்கினால் போதும். 13 இன்ச் கார் டயரைப் படுக்கப் போட்டு நடுக்குழியை மட்டும் நிரப்பினால் காங்கிரீட் 30 கிலோ சுற்றுதான், கூடையோடு மொத்தம் 50. இருந்தும் 9 கிலோ விசை வரை தாங்கும், அடி அகலம்தான் காரணம். எடை கூட்டுவதைவிட அகலம் கூட்டுவது மலிவு.

டயருக்குக் கலவை 1 பங்கு சிமென்ட், 2 எம்-சாண்டு, 4 ஜல்லி. 20 லிட்டர் கலவைக்குச் சிமென்ட் 6 முதல் 7 கிலோ. டயரின் வயிற்றுக்குள் கலவை ஓடாமல் இருக்க, சாக்குப்பையைச் சுருட்டி முதலில் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 70 கிலோவைத் தாண்டி, தூக்கி வைக்கும் கூடை என்ற பேச்சுக்கே இடமிருக்காது. தூக்குக்குண்டு பிடித்துக் கம்பத்தை நிறுத்தி, மூன்று பக்கம் கயிறு கட்டி, 7 நாள் ஈரச்சாக்கு போட்டு நீராட்டுங்கள். இரண்டாம் நாளே கூடையை ஏற்றினால் கம்பத்தைச் சுற்றி மயிரிழை விரிசல் விழும், அப்புறம் அந்த ஆட்டம் நிற்காது.

### கம்பம் உறைக்குள் ஆடுகிறது

கழற்றி எடுக்க வசதியாகக் காங்கிரீட்டில் உறை பைப் வைத்து, அதற்குள் கம்பத்தை இறக்குகிறோம். 1¼ இன்ச் பைப் 1½ இன்ச்சுக்குள் போகும் என்று நம்பி இரண்டையும் வெட்டி வந்துவிடுவார்கள். போகாது. 1¼-இன் வெளிவிட்டம் 42.4 மி.மீ., மீடியம் கிளாஸ் 1½-இன் உள்விட்டம் 41.9. ஆகவே 1½ கம்பத்துக்கு 2 இன்ச் உறைதான். அதிலோ 5 மி.மீ. இடைவெளி மிஞ்சும், ஆட்டம் அங்கிருந்து வருகிறது.

செலவில்லாத வழி, கம்பத்தின் அடியிலும் உறையின் வாய் வரும் இடத்திலும் சைக்கிள் டியூபை இறுக்கமாகச் சுற்றி அமுக்கி இறக்குவது. நிரந்தர வழி, உறையின் வாய்க்குக் கீழே 3 செ.மீ. விட்டு, ஒன்றுக்கொன்று செங்கோணமாக இரண்டு துளை போட்டு, அதன் மேல் எம்10 நட்டு வெல்டு செய்து, போல்ட்டால் கம்பத்தை எதிர்ச்சுவரோடு நெருக்குவது. ஒரே போல்ட் என்றால் ஒரு திசையில் மட்டும் நிற்கும், மற்ற திசையில் ஆடும். இது பட்டறை வேலை, காங்கிரீட் போடுவதற்கு முன்பே செய்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

உறையின் அடிவாய் திறந்து, கீழே ஒரு சட்டி ஜல்லி இருக்க வேண்டும். அடைத்துவிட்டால் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் உள்ளேயே நின்று, கம்பம் உள்பக்கமிருந்து அரிக்கும். வெளியே பார்த்தால் புதுசாகவே இருக்கும்.

### தரையில் புதைத்த அடிமானமே அசைகிறது

மண்ணைப் பொறுத்தது. திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கத்து மணலில் குழி தோண்டத் தோண்டச் சரியும். அடி வெட்டிய பெயின்ட் வாளியைக் குழியில் இறக்கி அதற்குள் காங்கிரீட் போடுங்கள், ஆழம் 60 செ.மீ. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண் மழையில் ஊதி, கோடையில் பிளக்கும். மே மாதத்தில் மட்டும் ஆடி, நவம்பரில் நின்றுவிடும் கூடை இந்த ரகம். 75 செ.மீ. ஆழம் போய், காங்கிரீட்டைச் சுற்றிக் கையகலம் மணலோ ஜல்லித் தூளோ நிரப்பினால் மண்ணின் இழுபறி கம்பத்துக்கு வராது.

காங்கிரீட்டின் மேல்முகம் கம்பத்திலிருந்து வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். தட்டையாக விட்டால் தண்ணீர் கம்பத்தின் அடியில் தேங்கி, சரியாக அந்தக் கோட்டில்தான் பைப் ஒடியும்.

தோண்டும்போது பைப்போ கேபிளோ தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். குடிநீர் இணைப்பா, மின்கேபிளா என்பதைக் கடப்பாரையால் தெரிந்துகொள்ளக் கூடாது. அந்தந்த அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடருங்கள். பூங்காவில் என்றால் மாநகராட்சி அனுமதி இல்லாமல் குழியே தோண்டாதீர்கள். கடற்கரையில் நிரந்தரமாக எதுவும் வேண்டாம், டயர் அடிமானம்தான். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம், அதனால் இருட்டுவதற்குள் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

### மொட்டைமாடியில்

தளத்தில் டிரில் போட்டு ஆங்கர் போல்ட் இறக்காதீர்கள். மழைநீர் இறங்காமல் தளத்தின் மேல் பதித்த தட்டோடும் சுருக்கிப் பூச்சும் உடைந்தால் அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும், அந்தச் செலவுக்கு நாலு நல்ல கூடை வாங்கலாம். டயர் அடிமானம், அதற்குக் கீழே பழைய பிளைவுட் பலகை. ஏற்கெனவே துளை போட்டு ஒழுகல் ஆரம்பித்திருந்தால் எம்-சீல் வைத்து அடைத்துப் பார்ப்பதில் காலம் கடத்தாமல் நீர்க்கசிவு வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். கைப்பிடிச்சுவரை ஒட்டியும் கூடை வேண்டாம், தவறிய தட்டு தெருவில் போகிறவர் தலையில் இறங்கும்.

### கம்பம் பி.வி.சி. என்றால்

சித்திரை வெயிலில் இளகி, கூடையின் பாரத்தில் வளையும். காலையில் நேராகவும் மதியம் சாய்வாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். உள்ளே 12 மி.மீ. முறுக்குக் கம்பியை இறக்கிச் சிமென்ட் பால் ஊற்றினால் தாக்குப்பிடிக்கும். பைப்பின் வெளிப்புறம் வெளுத்து மாவு மாதிரி உதிர்ந்தால் அந்த வேலையும் வீண், ஜி.ஐ.க்கு மாறிவிடுங்கள்.

## அறிகுறி: துரு

வெல்டிங் ஓரத்தில் மட்டும். ஜி.ஐ. மேல் வெல்டு வைத்தால் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்து போய்விடும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். கம்பித்தூரிகையால் பளபளப்பு தெரியும் வரை தேய்த்து, ஜிங்க் ஸ்ப்ரே இரண்டு கோட். புதிதாக வெல்டு வைக்கும்போது, வைக்கும் இடத்தைச் சுற்றி 3 செ.மீ. பூச்சைக் கிரைண்டரால் நீக்கச் சொல்லுங்கள். நீக்காமல் வைத்தால் வெள்ளைப் புகை கிளம்பும். மூடிய இடத்தில் அதைச் சுவாசித்தவருக்கு அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும்.

பெயின்ட் தோல் தோலாக உரிகிறது. ஜி.ஐ. மேல் நேரடியாக எனாமல் அடித்ததன் பலன், எத்தனை முறை அடித்தாலும் உரியும். முழுக்கச் சுரண்டி, ஜி.ஐ.க்கு என்றே விற்கும் எட்ச் பிரைமர் அடித்துப் பிறகு பெயின்ட். ரெட் ஆக்சைடு சாதாரண இரும்புக்கு, அதாவது பழைய ரிம், 10 மி.மீ. கம்பிக்கு மட்டும்.

சங்கிலி ஆறு மாதத்தில் சிவந்துவிட்டது. கண்ணாடி போலப் பளபளத்த சங்கிலி மின்முலாம் பூசியது, பூச்சு மிக மெல்லியது. மங்கலான சாம்பல் நிறத்தில் சற்றுச் சொரசொரப்பாக இருப்பது உருகிய துத்தநாகத்தில் முக்கியது, கடற்கரைப் பக்கம் அதுதான் நிற்கும். கடைக்காரர் பளபளப்பைத்தான் முதலில் எடுத்துப் போடுவார். ஸ்டெயின்லெஸ் சங்கிலி ஆசைப்பட வேண்டாம். 304 ரகத்திலும் உப்புக்காற்றில் பழுப்புப் புள்ளி விழும், அதோடு தொட்டுக்கொண்டிருக்கும் ஜி.ஐ. வளையம் இன்னும் வேகமாக அரிக்கும்.

வாரம் ஒருமுறை கூடையைத் தண்ணீர் விட்டு அலசினால் உப்பு இறங்கும். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் அலசாதீர்கள், அலசாமல் விடுவதே மேல். குடிநீர்க் குழாயில் ஒரு குடம் பிடித்து ஊற்றுங்கள்.

எப்போது கைவிடுவது? துருப்பிடித்த கண்ணி ஒன்றைத் தேய்த்துச் சுத்தம் செய்து, தேய்ந்த இடத்தை வெர்னியரால் அளங்கள். 3 மி.மீ. கம்பி 2 ஆகிவிட்டால் சங்கிலியை மாற்றுங்கள். கம்பத்தின் அடியில் சுத்தியலால் தட்டும்போது ஓசை மங்கினாலோ, பொருக்கு உதிர்ந்து துளை தெரிந்தாலோ அன்றே படுக்க வையுங்கள். அதன் மேல் ஒட்டு வெல்டிங் வேண்டாம், புதுப் பைப்தான்.

## அறிகுறி: ராத்திரியில் சங்கிலி கலகலக்கிறது

அடுக்குமாடியில் இந்தப் புகார்தான் முதலில் வரும். ஆட்டம் முடிந்ததும் சங்கிலிகளை எல்லாம் கம்பத்தோடு சேர்த்து நடுவில் வெல்க்ரோ பட்டையாலோ பழைய வேட்டிக் கிழிசலாலோ கட்டிவிடுங்கள். கட்டிய பிறகும் ‘டக் டக்’ என்றால் அது சங்கிலி அல்ல, 2 இன்ச் துண்டு கம்பத்தில் ஆடுகிறது, அதன் போல்ட்டை முறுக்குங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் கட்டி வைப்பது போதாது. மேல் சக்கரத்தையும் கூடையையும் கழற்றிப் படிக்கட்டுக்கு அடியில் வையுங்கள். எண்ட் கேப்பின் மரையிலும் போல்ட்டுகளிலும் ஆண்டுக்கு இருமுறை கிரீஸ் தடவியிருந்தால் பத்து நிமிட வேலை. தடவாமல் விட்டால் அந்த நேரத்தில்தான் நட்டு அசையாது. மாடியில் மழையில் நின்று ஹேக்ஸா பிளேடு தேட வேண்டியிருக்கும்.